டுட்டுவோலாவின் கள்குடியன் கதையும் யொரூபா ஓவியமும்

நைஜீரியாவின் ஆமோஸ் டுட்டுவோலா (1920–1997) எழுதிய ‘த பாம்-வைன் டிரிங்கார்ட்’ நாவலை லண்டனின் ஃபேபர் அண்ட் ஃபேபர் நிறுவனம் 1952இல் வெளியிட்டது. மரத்திலிருந்து விழுந்து செத்துப்போன தன் கள்ளிறக்கியைத் தேடி, இறந்தோர் ஊருக்கு நடந்தே போகும் குடிகாரனின் கதை இது. வழிநெடுக விசித்திரப் பிறவிகள். அவற்றில் பேர்பெற்றவன் ‘முழுமையான கனவான்’. கை, கால், தோல் என எல்லா உறுப்பையும் வாடகைக்கு வாங்கிக்கொண்டு பேரழகனாகச் சந்தைக்கு வருகிறான். மயங்கிய பெண்ணொருத்தி பின்தொடர, உறுப்புகளை ஒவ்வொன்றாக உரியவர்களிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வெறும் மண்டையோடாக மிஞ்சுகிறான். இப்படியொரு காட்சியை எந்த ஓவியனும் விடமாட்டான்.

இக்கதை மேடையிலும் காட்சி வடிவம் பெற்றது. 1963இல் இபதான் பல்கலைக்கழகத்தில் கோலா ஒகுன்மோலா இதை யொரூபா இசை நாடகமாக்கினார். அரங்கையும் உடைகளையும் வடிவமைத்தவர் ஓவியர் டெமாஸ் நுவோகோ.

ஓவியத்தில் இவ்வுலகம் செழித்த இடம் நைஜீரிய ஊரான ஒசோக்போ. நாடகக் கலைஞர் டுரோ லடிப்போவும் ஐரோப்பியரான உல்லி பையரும் அங்கு நடத்திய ம்பாரி ம்பாயோ மன்றத்தில், 1964இல் ஜார்ஜினா பையர் பட்டறை நடத்தினார். வந்தவர்கள் ஓவியப் பள்ளி மாணவர்கள் அல்லர்; பலர் லடிப்போவின் நாடகக் குழுவினர். அவர்களுள் ட்வின்ஸ் செவன்-செவனோ மருந்து வியாபாரியின் குழுவில் ஆடிக்கொண்டு ஊருக்குள் வந்தவர். மைக்கோடுகளால் இண்டு இடுக்கு விடாமல் நிரப்பிய பரப்பு, ஓர் உயிரின் வயிற்றுக்குள் இன்னோர் உயிர், பின்னாளில் ஒட்டுப்பலகையை வெட்டி அடுக்கிய புடைப்போவியம் ஆகியவை அவர் பாணி. முழுமையான கனவானையும் அவர் படமாக வடித்தார். ஆனாலும் அவரை டுட்டுவோலாவின் விளக்கப்படக்காரர் என்பது அரைகுறைக் கணிப்பு. நாவலாசிரியர், ஓவியர் இருவருக்கும் ஊற்று ஒன்றே: யொரூபா மக்களின் கதைமரபு.

அம்மரபை முன்பே நாவலாக்கியவர் டி. ஓ. ஃபாகுன்வா. அவரது 1938ஆம் ஆண்டு யொரூபா நாவலை வோலே சோயிங்கா ஆங்கிலத்தில் பெயர்த்தபோது (1968), படங்களை வரைந்தவர் புரூஸ் ஒனோப்ரக்பேயா. ஒசோக்போ ஓவியர்களைப் போலன்றி, இவர் ஜாரியா நகரில் முறையாகக் கலை பயின்றவர்.

படித்த நைஜீரியர் பலருக்கு டுட்டுவோலாவின் இலக்கணம் மீறிய ஆங்கிலம் தலைகுனிவாகப் பட்டது. ஒசோக்போ ஓவியங்கள் ஐரோப்பியர் ரசனைக்காக வரையப்படுபவை என்ற குறையும் எழுந்தது. பட்டறைகளில் ஜார்ஜினா பையர் போன்ற ஐரோப்பியர் கை இருந்ததால் பின்னதை முற்றிலும் தள்ள முடியாது. ஆனால் செவன்-செவனின் கோடு எவரும் கற்றுக்கொடுத்ததன்று. அவரை 2005இல் யுனெஸ்கோ தன் அமைதிக் கலைஞராக அறிவித்தது. 2011இல் இபதானில் காலமானார்.