லினக்ஸ் மடிக்கணினியில் வைஃபை துண்டிப்பு

லினக்ஸ் மடிக்கணினிகளில் வைஃபை அடிக்கடி அறுந்துபோகப் பல காரணங்கள் உண்டு. முதலில் ஐயுற வேண்டியது மின்சேமிப்பு. பேட்டரியை மிச்சப்படுத்த வைஃபை அட்டை இடையிடையே உறங்கும். சில அட்டைகள் உரிய நேரத்தில் விழிப்பதில்லை. உபுண்டுவில் நெட்வொர்க்மேனேஜரின் அமைப்புக் கோப்பு ஒன்றில் மின்சேமிப்பின் மதிப்பு 3 என இருக்கும். அதை 2 ஆக்கி, அச்சேவையை மறுபடி தொடங்கினால் அட்டை விழித்தே இருக்கும். அப்போதும் சிக்கல் தீராவிட்டால் கெர்னல் பதிவைப் படிப்பதே நேர்வழி. ஃபர்ம்வேர் கோப்பை ஏற்ற முடியவில்லை என்ற செய்தி அதில் தென்பட்டால் உரிய தொகுப்பை நிறுவ வேண்டும்; ஊகத்தில் டிரைவரை மாற்றுவது வீண் அலைச்சல். பதிவில் பிழையே இல்லையெனில் அலைவரிசை நெரிசலைப் பார்க்கலாம். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்களாகப் பொதுவாகக் கொள்ளப்படுபவை 1, 6, 11 மட்டுமே. ரவுட்டர் அருகிலிருந்தால் 5 கிகாஹெர்ட்ஸ் மேலானது.