மார்கழித் தண்ணீரில் ஆறாத புண்

1971-இல் ஜப்பானிலும் 1972-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்திலும் தென்பட்ட மீன் புண் நோய், தென்கிழக்கு ஆசியாவைச் சுற்றிவிட்டு 1980களின் இறுதியில் இலங்கைக்கும், 1988-இல் நம் வடகிழக்கு மாநிலங்களுக்கும் வந்தது. 1991 வாக்கில் கேரளத்தையும் தமிழகத்தையும் எட்டிவிட்டது. விராலின் விலாவில் முதலில் ஒரு சிவப்புப் பொட்டு தோன்றும். பிறகு செதில் உதிரும், சதை அரித்துப் பள்ளமாகும், முற்றினால் எலும்பே தெரியும். கேரளத்தில் மீன் வாங்கவே மக்கள் பயந்தார்கள். இந்த வரலாற்றை ஒரு கிருமி ஊர் ஊராகப் பரவிய கதையாகவே சொல்லிவருகிறோம். தேனி மாவட்டத்தையும் கம்பம் பள்ளத்தாக்கையும் வைத்து யோசித்தால், அந்தக் கதையில் பாதிப் பங்கு குளிர் மாதங்களுக்கு உண்டு என்றே எனக்குத் தோன்றுகிறது.

வெயில் கொளுத்தும் நம் சமவெளியில் ஏது குளிர் என்று கேட்கலாம். குளிரை மீனின் உடம்பை வைத்துத்தான் அளக்க வேண்டும். போடியிலிருந்து மலையேறினால் மூணாறு. அங்கே ஓடைகளில் வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் விட்ட டிரவுட் மீனுக்கு 20 டிகிரி செல்சியஸ் என்பதே வெக்கை. அடிவாரத்துக் கண்மாயில் கிடக்கும் விராலுக்கோ அதே 20 டிகிரி நடுக்கும் குளிர். ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய்கள் நிரம்பி, மார்கழிப் பனியில் ஆழமில்லாத தண்ணீர் சில்லிடும். இந்தியாவில் இந்த நோய் பெரும்பாலும் தலைதூக்குவதும் மழை ஓய்ந்து குளிர் தொடங்கும் இந்தப் பருவத்தில்தான்.

மீனின் புண் நம் புண்ணைப் போல் பொருக்குத் தட்டி ஆறுவதில்லை. காயத்தின் விளிம்பிலுள்ள மேல்தோல் செல்கள் வழுக்கி நகர்ந்து, சில மணி நேரத்திலேயே மெல்லிய போர்வையாய் அதை மூடிவிடும். தண்ணீர் குளிர்ந்தால் இந்த நகர்வு மந்தப்படும். அதைவிடத் தாமதமாவது அடுத்த கட்டம்: கிருமியை விழுங்கும் செல்கள் புண்ணில் திரள்வதும் புதுத்தசை வளர்வதும். ஸ்டிர்லிங் பல்கலைக்கழகத்து ரொனால்ட் ராபர்ட்ஸ் 1970களில் மீன்களின் காயம் ஆறுவதில் வெப்பநிலைக்குள்ள பங்கை ஆராய்ந்தவர். பின்னாளில் அவரும் தாய்லாந்தின் சுப்ராணி சினாபுட்டும் மற்றவர்களும் சேர்ந்து, இந்த நோய்க்குக் காரணமான அஃபனோமைசஸ் என்னும் நீர்ப்பூசணத்தை விரால்களுக்கு ஏற்றி, வெவ்வேறு வெப்பநிலைகளில் வைத்துப் பார்த்தார்கள். 1995-இல் வெளியான அந்த ஆய்வில், 31 டிகிரியில் இருந்த விரால்கள் பூசண இழைகளைச் சுற்றி அணை கட்டித் தேறின. 19 டிகிரியில் இருந்தவற்றின் எதிர்ப்பு வலுவிழந்தது, இழைகள் சதைக்குள் ஊடுருவின. ஒரே மீன், ஒரே பூசணம், முடிவு மட்டும் வேறு. இந்தச் சான்றுக்கு மேல் எனக்கு வேறொன்று தேவைப்படவில்லை.

நார்வேயில் இன்னும் குளிர்ந்த கடலில் சால்மன் வாழ்கிறதே என்பது நியாயமான மறுப்பு. அதன் உடம்பு அந்தத் தண்ணீருக்கென்றே வாய்த்தது. ஆனாலும் கடல்நீர் 7, 8 டிகிரிக்குக் கீழே போகும்போது அங்கும் மொரிடெல்லா என்ற பாக்டீரியாவால் 'குளிர்காலப் புண்' வந்து பண்ணைகளைப் படுத்துகிறது. பூச்சிமருந்துதான் காரணம் என்ற பேச்சும் உண்டு. திராட்சையும் நெல்லும் விளையும் பள்ளத்தாக்கில் அந்தச் சந்தேகம் இயல்பு. மருந்து மீனை நலியச் செய்யும்தான், ஆனால் மருந்தடிக்காத நீர்நிலைகளிலும் பரவிய நோயை அதனால் மட்டும் விளக்கிவிட முடியாது. குளிர் பழையதுதான், ஆனாலும் பெரியவர்கள் முன்பு இந்த நோயைக் கண்டதில்லை என்பதும் உண்மை. புதிதாக வந்தது பூசணம். பல நாடுகளில் எடுத்த பூசண மாதிரிகள் மரபணுவில் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. அண்மையில் பரவியது என்பதற்கு அது அடையாளம். அதோடு, பாண்டிநாட்டு வழக்கப்படி ஊரே ஊத்தாக் கூடையோடு கண்மாயில் இறங்குவது தண்ணீர் வற்றும் கோடையில். அதற்குள் புண்பட்ட மீன் செத்திருக்கும், இல்லாவிட்டால் ஆறித் தழும்பேறியிருக்கும்.

குளிருக்கு முன் குளத்தில் சுண்ணாம்பு போடலாம். புவனேஸ்வர் நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனம் உருவாக்கிய சிஃபாக்ஸ் மருந்தையும் கலக்கலாம். ஆனால் 1959-இல் திறந்த வைகை அணையின் விரிந்த நீரில் எதைக் கரைப்பது? இந்த நோய்க்கு எளிதில் ஆட்படாதவை ஜிலேபியும் சாதாக்கெண்டையும். இரண்டுமே வெளியிலிருந்து வந்தவை. அடிபடுபவை விராலும் நாட்டுக் கெண்டையும். நாட்டு மீன் குறைந்ததற்குக் கணக்குப் போடுகிறவர்கள் வலையையும் பூச்சிமருந்தையும் எழுதுகிறார்கள். கார்த்திகை முதல் தை வரையிலான தண்ணீரின் குளிர்ச்சியையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.