குதிரை லாயமும் விரிசல் விட்ட தோட்டாவும்

காலேஜ்ல என்.சி.சி. கேம்ப் போனவங்களுக்கு இது ஞாபகம் இருக்கும். சுடுறது அஞ்சு நிமிஷம்தான். அப்புறம் புல்லுக்குள்ள குனிஞ்சு காலி கேஸைப் பொறுக்கி, எண்ணிக் குடுக்குறதுக்குத்தான் அரை மணி நேரம் ஆகும். எனக்கு அப்போ அது வெறும் பித்தளைக் குப்பை. இன்னைக்கு எபிசோடே அந்தக் குப்பையைப் பத்திதான்.

ஆரம்பிச்சு வெச்சது அமெரிக்காவுல இருக்கிற ஒரு டீம்மேட். அவருக்கு ரீலோடிங் பொழுதுபோக்கு. ரைஃபிள்ல சுட்ட காலி கேஸை எடுத்து, பழைய அளவுக்குக் கொண்டுவந்து, மறுபடியும் தோட்டாவா ஆக்குறது. அங்க அது சாதாரண விஷயம். நம்ம ஊர்ல லைசென்ஸ் இல்லாம இதெல்லாம் தொடவே கூடாது. கழுத்துல விரிசல் விழுந்த மூணு கேஸை போட்டோ எடுத்து அனுப்பி, "என் ரீசைசிங் டை கெட்டுப்போச்சு, புதுசு வாங்கப் போறேன்"னு சொன்னார். எனக்கு உடனே சந்தேகம். எர்ரர் வந்த லைன்லயே பக் இருக்கும்னு நம்பினா என்ன ஆகும்னு நம்ம தொழில்ல தெரியுமே!

முதல்ல, சுடும்போது அந்தக் கேஸுக்கு என்ன நடக்குதுன்னு பார்த்துடலாம். கேஸ் பித்தளையில 70 சதவீதம் செம்பு, 30 சதவீதம் துத்தநாகம். மருந்து எரியும்போது வாயு அழுத்தத்துல கேஸ் பலூன் மாதிரி விரிஞ்சு, துப்பாக்கியோட சேம்பர் சுவர்ல ஒட்டிக்கும். அதனாலதான் சூடான வாயு பின்பக்கமா சுடுறவர் முகத்துக்கு வராம இருக்கு. அழுத்தம் குறைஞ்சதும் கொஞ்சம் சுருங்கும். அப்போதான் வெளிய எடுக்க முடியும். ஆனா பழைய அளவுக்கு முழுசாத் திரும்பாது. அதை ஒரு எஃகு அச்சுக்குள்ள அழுத்தி பழைய அளவுக்குக் கொண்டுவர்றதுதான் ரீசைசிங். அந்த அச்சுக்குப் பேருதான் டை.

பித்தளையைச் சூடு பண்ணாம நெளிச்சா அது கெட்டியாகும். விரிஞ்சு, சுருங்கி, மறுபடி விரிஞ்சு, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கெட்டியாகும். கெட்டியானது அச்சை விட்டு வெளிய வந்ததும் ஸ்பிரிங் மாதிரி பின்வாங்கும், அளவு நிக்காது. ஒரு கட்டத்துல கழுத்து பிளந்துடும். இதுக்கு மருந்து சூடு. கழுத்துப் பகுதியை மட்டும் அளவாச் சூடாக்கினா உலோகம் மறுபடி இளகும். இதுதான் அனீலிங். பித்தளைக் குடம் அடிக்கிறவங்க நடுநடுவுல தகட்டை நெருப்புல காட்டுறதும் இதுக்குத்தான்.

சரி, இதுல வரலாறு எங்க இருக்கு? நம்ம நாட்டுலயே இருக்கு.

பிரிட்டிஷ் ஆட்சிக் காலம். மழைக்காலம் வந்தா ராணுவ நடமாட்டம் குறையும். அந்த மாசங்கள்ல தோட்டாக்களைக் குதிரை லாயங்கள்ல சேமிச்சு வெச்சிருந்தாங்க. மழை ஓய்ஞ்சு எடுத்துப் பார்த்தா, நிறைய தோட்டாக்கள்ல கேஸ் விரிசல் விட்டிருந்தது. முக்கியமா, கேஸோட வாய் குண்டை இறுக்கிப் பிடிச்சிருக்கிற இடத்துல. யாரும் சுடல, யாரும் அடிக்கல. பெட்டியில சும்மா இருந்த தோட்டா.

ஒரு சிப்பாய் இடத்துல இருந்து யோசிச்சுப் பாருங்க. அந்த விரிசலைக் கவனிக்காம சுட்டா வாயு கசியலாம், கேஸ் சேம்பர்ல சிக்கிக்கலாம். எதிரி முன்னாடி நிக்கும்போது சிக்கின துப்பாக்கி வெறும் கம்பு. அது எவ்வளவு ஆபத்துன்னு பிரிட்டிஷ் படைக்கு நல்லாவே தெரியும். 1885ல் சூடானில் நடந்த அபு க்ளியா சண்டையில அவங்களோட மார்ட்டினி-ஹென்றி ரைஃபிள்கள் சிக்கிக்கிட்டு மாட்டிக்கிட்டாங்க. அப்போ கேஸ் மெல்லிசான பித்தளைத் தகட்டைச் சுருட்டிச் செஞ்சது. அதுக்கப்புறம் வந்த கேஸ், கெட்டியான பித்தளை வில்லையைப் படிப்படியா இழுத்து நீட்டிச் செஞ்சது. தையலே இல்லாத குழாய். பழைய பலவீனம் போச்சு. ஆனா இழுத்துச் செய்யுற முறையே உலோகத்துக்குள்ள வேற ஒண்ணை விட்டுட்டுப் போச்சு.

இந்த விரிசலுக்கு ஆங்கிலத்துல வந்த பேரு "சீசன் கிராக்கிங்". அதைக் கேட்டா யாருமே ஈரத்தையும் மழையையும்தான் சந்தேகப்படுவோம். பதில் 1921ல் வந்தது. மூர், பெக்கின்சேல், மாலின்சன்னு மூணு பேர் ஆராய்ச்சிக் கட்டுரையில விளக்கினாங்க. குற்றவாளி ஒண்ணு இல்ல, ரெண்டு.

ஒண்ணு, அம்மோனியா. குதிரையோட சிறுநீர்ல இருக்கிற யூரியாவை பாக்டீரியா உடைக்கும்போது அம்மோனியா வரும். லாயத்துக்குள்ள போனா மூக்கைத் துளைக்குமே, அதே வாடைதான். ஈரக் காற்றோட சேர்ந்து அது செம்புக் கலவையை அரிக்கும்.

இன்னொண்ணு, கேஸைச் செய்யும்போதே பித்தளைக்குள்ள தங்கிப்போன இறுக்கம். வெளியில இருந்து பார்த்தா தெரியாது. அளவு சரி, பளபளப்பு சரி, தரச் சோதனையில பாஸ். ஆனா உள்ளுக்குள்ள உலோகம் இழுபட்டுக்கிட்டே இருக்கு. இறுக்கம் இல்லாத பித்தளை அம்மோனியாவுல இருந்தா மேல்பரப்பு அரிக்கும், அவ்வளவுதான். அம்மோனியா படாத பித்தளை இறுக்கத்தோடயே வருஷக்கணக்கா சும்மா கிடக்கும். ரெண்டும் சேர்ந்தாத்தான் விரிசல். மழை செஞ்சதெல்லாம், இந்த ரெண்டையும் ஒரே கூரைக்குக் கீழ கொண்டுவந்ததுதான்.

தீர்வு எளிமை. செஞ்சு முடிச்ச பித்தளையை 250, 300 டிகிரி செல்சியஸ் அளவுக்கு மட்டும் சூடாக்கினா போதும். பலம் பெருசாக் குறையாது, உள் இறுக்கம் தளர்ந்துடும்.

இங்க இன்னொரு கதையும் சொல்லணும். ஏன்னா ரீலோடிங் பண்றவங்க டை மேல பழி போடுற இன்னொரு இடம் அது. .303 லீ-என்ஃபீல்ட் ரைஃபிள் கேஸ், சில தடவை ரீசைஸ் பண்ணிச் சுட்டதுமே அடிப்பகுதிக்குச் சற்று மேல வளையமா மெலிஞ்சு, ரெண்டா அறுந்துடும். இதுக்குக் காரணம் போர்க்களம். அந்தத் தோட்டாவை அடியில இருக்கிற விளிம்புதான் சேம்பர்ல பிடிச்சு நிறுத்துது. அதனால தோள் பகுதியில இடைவெளி இருந்தாலும் தோட்டா வெடிக்கும். சேறு ஒட்டின தோட்டாவும் உள்ள போகணும்னு சேம்பரைத் தாராளமாவே வெச்சாங்க. ராணுவத்துக்கு அது சரியான முடிவு, கேஸை ஒரே தடவைதானே சுடப்போறாங்க! இன்னைக்கு ஒருத்தர் அதை டைக்குள்ள முழுசா அழுத்தி, தோளைப் பின்னாடி தள்ளி, மறுபடி சுட்டா, ஒவ்வொரு தடவையும் அந்த இடைவெளி அளவுக்கு கேஸ் நீளும். அதனால அனுபவசாலிகள் .303க்குக் கழுத்தை மட்டும்தான் ரீசைஸ் பண்ணுவாங்க, தோளைத் தொட மாட்டாங்க.

ரெண்டு கதையிலயும் விஷயம் ஒண்ணுதான். பித்தளையில கோளாறு தெரியுற இடம் வேற, அது பிறந்த இடம் வேற. ஃபேக்டரியில நடந்தது லாயத்துல தெரிஞ்சது. அகழியில இருந்த சேறுக்காக எடுத்த முடிவு, நூறு வருஷம் கழிச்சு ஒருத்தரோட கராஜ்ல தெரியுது.

டீம்மேட் கிட்ட ரெண்டே கேள்விதான் கேட்டேன். "எத்தனை தடவை சுட்ட கேஸ்? எதை வெச்சுத் தேய்ச்சீங்க?" ஏழு தடவை சுட்டிருக்கார், ஒரு தடவைகூட அனீல் பண்ணல. பளபளப்புக்கு வீட்டுல இருந்த மெட்டல் பாலிஷ். டப்பாவைத் திருப்பிப் பாருங்கன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் மெதுவா, "அம்மோனியா"ன்னார்.

விரிசலுக்கு ஏழு தடவை நெளிஞ்சது எவ்வளவு காரணம், பாலிஷ் எவ்வளவு காரணம்னு போட்டோவைப் பார்த்துப் பிரிச்சுச் சொல்ல என்னால முடியாது. ஆனா டை மேல தப்பு இல்லன்னு சொல்ல முடியும். விரிசல் தெரிஞ்சது மூணு கேஸ்லதான். ஆனா அந்தப் பெட்டியில இருக்கிற எல்லாமே ஏழு தடவை நெளிஞ்சது, அதே பாலிஷ் பட்டது. அதனால மிச்சத்தையும் நம்ப வேண்டாம்னு சொன்னேன். மொத்தத்தையும் நசுக்கிப் பழைய உலோகக்காரர்கிட்ட போட்டுட்டார். டை அதே பழைய டைதான், இன்னும் ஓடுது.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.