நான்கு கிண்ணங்கள்

ஏஜியன் கடலில் ஒரு தீவின் கரை மறையும் முன்பே பெரும்பாலும் மற்றொரு தீவின் மலைமுகடு தோன்றிவிடும். ஆதலின், பண்டைக் கிரேக்க வணிகர் தீவுக்குத் தீவு கலஞ்செலுத்திப் பண்டம் மாற்றினர். கோடையில் வீசும் வடகாற்று அவர்தம் பாய்களுக்குத் துணைநின்றது.

அவ்வாழ்வைக் காட்டும் அரிய சான்று கைரீனியா மரக்கலமாகும். கி.மு. 300ஐ ஒட்டிச் சைப்பிரசுத் தீவின் வடகரையருகே மூழ்கிய இக்கலத்தை 1965இல் முக்குளிப்பவர் ஒருவர் கண்டார். 1968, 1969ஆம் ஆண்டுகளில் மைக்கேல் கட்சேவ் தலைமையில் அகழ்வு நடைபெற்றது. ஏறத்தாழ 14 மீட்டர் நீளமே உடைய அக்கலத்தில் 400 சாடிகள் வரை இருந்தன. அவற்றுட் பெரும்பாலானவை ரோட்சுத் தீவினவை. சில சாமோசுத் தீவைச் சார்ந்தவை. திரிகைக் கற்களும் ஆயிரக்கணக்கான வாதுமைக் கொட்டைகளும் உடனிருந்தன. பன்முறை பழுதுபார்க்கப்பட்ட அதன் அடிமரம், நெடுங்காலம் உழைத்த கலம் அஃது என்பதைப் புலப்படுத்துகின்றது.

கிண்ணங்கள் நான்கு, கரண்டிகள் நான்கு. எனவே, மாலுமியரும் நால்வரே என ஆய்வாளர் கருதினர். வலையின் ஈயக் குண்டுகள், அவர்கள் வழியில் மீன்பிடித்து உண்டமையை உணர்த்தும்.

1986இல் இக்கலத்தின் மறுபடிவம் ஒன்று கிரேக்கத்திலிருந்து சைப்பிரசுக்குப் பாய்விரித்துச் சென்று, அப்பழந்தொழிலின் திறத்தை மெய்ப்பித்தது.

மன்னர் பெயரைக் கல்வெட்டுகள் காத்தன. தீவுகளை இணைத்த நால்வரின் பெயரோ எங்குமில்லை. அவர்கள் உண்ட கலன்களே அவர்தம் வரலாறு.