வேட்டைத் துவக்கின் கண்

வேட்டைக்காரன் துவக்கை எடுத்துக் குறிபார்க்கும்போது அவன் கண் மூன்று இடங்களிற் பொருந்த வேண்டும். குழலின் பின்புறத்து வெட்டு ஒன்று. குழல் நுனியிலுள்ள முனை ஒன்று. அதற்கப்பால் நிற்கும் விலங்கு ஒன்று. மூன்றையும் ஒரே வேளையிலே தெளிவாகக் காணும் ஆற்றல் மனிதக் கண்ணுக்கு இல்லை. வயது ஏற ஏற அக்குறை பெருகும். அதனைத் தீர்க்கவே துவக்கின்மேல் தொலைநோக்கி ஏறியது. அதனுள்ளே விலங்கின் உருவமும் குறுக்கிழையும் ஒரே தளத்தில் அமைகின்றன.

நியூ யோர்க் மாநிலத்துச் சிரக்கியூஸ் நகரிலே, 1855ஆம் ஆண்டில், வில்லியம் மல்கம் என்பவர் இக்கருவிகளைச் செய்யத் தொடங்கினார். உருவத்தின் ஓரங்களில் வானவில் நிறங்கள் படியாத வில்லைகளை அவர் கையாண்டார். அக்காலக் கருவி, துவக்குக் குழலின் நீளத்துக்கே நீண்ட ஒரு குழாய். 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரிலே குறிவல்லார் இத்தகைய கருவிகளைப் பயன்படுத்தினர். போர் ஓய்ந்தபின் சமவெளிகளிற் காட்டெருமை வேட்டையாடியோர் சிலர் கையிலும் அவை இருந்தன. 1880களின் இறுதியில் அவ்வினம் அழிவின் விளிம்பை அடைந்தது. தோல் வாணிகமும் இருப்புப்பாதையுமே அதற்குப் பெருங்காரணங்கள். எனினும், தொலைவைச் சுருக்கும் கருவி மனிதனின் ஆசையைச் சுருக்குவதில்லை என்பதை அவ்வரலாறு காட்டுகின்றது.

மத்திய ஐரோப்பாவிலே தேவை வேறாயிருந்தது. அங்கே வேட்டை பெரிதும் அந்திப்பொழுதில் நிகழ்வது. ஆதலால் தூரத்தினும் ஒளியே பெரிதாயிற்று. வியன்னா நகரின் காலெஸ் தொழிலகம் 1900இல் வேட்டைத் தொலைநோக்கியை வெளியிட்டது. ஆனால் வில்லைகளே ஒளியைத் திருடின. பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு முகமும் ஒளியில் நூற்றுக்கு 4 பங்களவைத் திருப்பியெறியும். பத்து முகங்களைக் கடக்கையில் மூன்றிலொரு பங்கு தொலைந்துவிடும். 1935இலே ஜேர்மனியின் சைஸ் தொழிலகத்து அறிஞர் அலெக்சாந்தர் சுமாக்குலா, அவ்விழப்பைக் குறைக்கும் மெல்லிய பூச்சைக் கண்டறிந்தார்.

அமெரிக்காவில் 1930இலே வீவர் என்பார் எளியோரும் வாங்கத்தக்க விலையிற் கருவி செய்தார். பின்னர், ஒறிகன் மாநிலத்து லூப்போல்ட் குடும்பத்தவரொருவர், தம் தொலைநோக்கியினுள் ஈரம் படிந்ததால் மானொன்றைத் தவறவிட்டார் என்பது அந்நிறுவனத்தார் கூறும் வரலாறு. 1947இலே அந்நிறுவனம் நைதரசன் வாயு நிரப்பி மூடிய, ஈரம் படியாத கருவியை வெளியிட்டது.

இவ்வரலாற்றிலிருந்து, கருவியைத் தேர்பவன் அறியவேண்டியது யாது? உருப்பெருக்கம் ஒன்றையே நாடுவது பேதைமை. விலங்கின் உருவம் பெருகும்போது கையின் நடுக்கமும் பெருகும். பார்வைப் பரப்போ குறுகும். முன்வில்லையின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 42 மில்லிமீற்றரை 6ஆல் வகுத்தால் 7. இருளில் விரிந்த இளைஞரின் கண்மணியும் ஏறக்குறைய அவ்வளவே. அதற்கு மேற்பட்ட ஒளிக்கற்றை கண்ணுட் புகாது வீணாகும்.

ஒளியும் உறுதியும் முதலில், பெருக்கம் பின்னர். குறி பிழைத்தாற் காயமுற்ற விலங்கு காட்டினுள் நாட்கணக்கில் வருந்திச் சாகும். நிற்பது மானா மனிதனா என்று துணியும்வரை குழலை அத்திசையில் நீட்டுதலும் ஆகாது. துவக்குக்கு எத்தகைய கண் வாய்த்தாலும், சுடாது விடும் அறிவு அதை ஏந்துபவனுக்கே உரியது.