பாடியும் சேரியும் காலனியும்

பெரம்பலூர் மாவட்டம் வேப்பந்தட்டை வட்டத்தில் உள்ள பேரூராட்சி பூலாம்பாடி. பூலா ஒரு புதர்ச்செடி. பாடி என்பது முல்லை நிலத்து ஊருக்கு இலக்கண நூல்கள் தரும் பெயர். ஆயர்பாடியில் இருப்பதும் அதுதான். செடியும் குடியிருப்பும் சேர்ந்து அமைந்த இந்தப் பெயரில் யாரையும் தாழ்த்தும் எழுத்து ஒன்றுகூட இல்லை.

பாடியோடு பிறந்த சொல் சேரி. மக்கள் சேர்ந்து வாழும் இடம் சேரி, அவ்வளவுதான். குடவோலை முறையைச் சொல்லும் 10ஆம் நூற்றாண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டு, அந்தப் பிராமண ஊரின் பகுதிகளையே சேரி என்கிறது. பன்னிரண்டு சேரிகள் அங்கே இருந்தன. ஆனால் ராஜராஜனின் தஞ்சைக் கல்வெட்டுகளில் வரியில்லா நிலங்களை வரிசைப்படுத்தும்போது கம்மாணச்சேரி, பறைச்சேரி என்பவற்றோடு தீண்டாச்சேரியும் வருகிறது. நிலக்கணக்கு எழுதியவர் ஒதுக்கிவைத்ததையே ஊர்ப்பகுதிக்குப் பெயராகப் பதிந்துவிட்டார். புதுச்சேரியும் வேளச்சேரியும் தப்பித்துக்கொண்டன. தனியே நின்ற சேரி வசவாகிப்போனது.

அந்த இடத்துக்கு வந்தது காலனி. லத்தீனில் உழவரைக் குறிக்கும் சொல்லோடு உறவுள்ளது இது. நகரத்தில் ரயில்வே காலனி என்றால் கௌரவம். கிராமத்தில் ஆதிதிராவிடர் குடியிருப்பு மட்டும் காலனி. "ஊருக்குள்ளயா, காலனியா?" என்று ஒருவர் விசாரித்தால் அவர் கேட்பது விலாசம் அல்ல, சாதி. அந்தக் கேள்வியில் காலனி ஊரைச் சேர்ந்ததே இல்லை! 2025 ஏப்ரலில் முதலமைச்சர் ஸ்டாலின், அரசு ஆவணங்களிலிருந்து காலனி நீக்கப்படும் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். இது சரியான முடிவு. 1922இல் எம்.சி. ராஜா சென்னைச் சட்டசபையில் கொண்டுவந்த தீர்மானத்தின் தொடர்ச்சி என்றே இதைச் சொல்வேன். பறையர், பஞ்சமர் என்பவற்றை விட்டு ஆதிதிராவிடர் என்று அரசு எழுதத் தொடங்கியது அந்தத் தீர்மானத்துக்குப் பிறகுதான்.

சேரியின் கறை காலனிக்கு எப்படித் தாவியது? பெயர் மாறியபோது வாக்கியம் மாறவில்லை. தமிழில் தாழ்ந்தவர் என்றால் தானே தாழ்ந்தவர்; தாழ்த்தப்பட்டவர் என்றால் தாழ்த்திய கை ஒன்று உண்டு. ஒடுக்கப்பட்டோர் என்பதிலும் அந்தக் கை தெரிகிறது. பின்தங்கியோர் என்பதில் அது மறைந்துவிடுகிறது. இடைநின்ற மாணவர் என்பதிலும் அப்படித்தான், பிள்ளை தானாக நின்றுகொண்டது போல.

புள்ளிவிவரம் எழுதுகிறவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும். 2011 கணக்கெடுப்பில் தமிழகத்தில் பட்டியல் சாதியினர் சுமார் 20 விழுக்காடு. பெரம்பலூர் மாவட்டத்தில் சுமார் 31. மூன்றில் ஒரு பங்கை நெருங்கும் மக்கள். இழிபெயரை நீக்குகிறோம் என்று இந்த எண்ணிக்கையையும் சேர்த்து நீக்கிவிட்டால், நிலமும் பள்ளியும் யாருக்குக் கிடைக்கவில்லை என்பதைக் கேட்க வழியே இருக்காது. சாதிவாரி எண் வேண்டும். அதன் பக்கத்தில் எழுதும் வரிதான் திருந்த வேண்டும். "காலனிப் பிள்ளைகள் படிப்பில் நாட்டமில்லாதவர்கள்" என்று எழுதினால் அதிகாரி கோப்பை மூடிவிடலாம். பருத்தி எடுக்கும் நாட்களில் எத்தனை பிள்ளைகள் பள்ளிக்கு வரவில்லை, அந்தக் கூலி இல்லாமல் அவர்கள் வீட்டில் உலை கொதித்திருக்குமா, மேல்வகுப்புக்குப் போக எந்த நேரத்தில் பஸ் இருந்தது என்று எழுதட்டும். பதில் சொல்ல வேண்டியது பிள்ளையா, கல்வித்துறையா என்பது அந்த வரியிலேயே தெரியும்.