வைரம் தேர்ந்த வரலாறு

நிச்சயதார்த்த மோதிரத்திற்கு வைரம் தேர்வதைப் புதுக்கலை என நாம் கருதுவதற்கில்லை. சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையே, மதுரை மணிக்கடை வீதியை வருணிக்குங்கால், வைரத்தின் குற்றங்களாகப் புள்ளி, கீற்று, களங்கம், காகபாதம் என 4 கூறுகின்றது.

17ஆம் நூற்றாண்டில் கோல்கொண்டாச் சுரங்கங்களைக் கண்ட பிரெஞ்சு வணிகர் தவர்னியே எழுதியது இன்னும் சுவையானது. ஐரோப்பியர் பகலில் கல்லைச் சோதிக்க, இந்நாட்டாரோ இரவிலே சுவர் மாடத்தில் தடித்த திரியிட்டு விளக்கேற்றி, கல்லை விரலிடைப் பிடித்து நீரோட்டம் பார்த்தனராம். நீலச் சாயை உண்டோவென அறிய இலையடர்ந்த மரநிழலை நாடுவராம்; அச்சாயையை அவர் பெருங்குறை என்கின்றார். பின்னாளில் நம்மவர், தென்னாப்பிரிக்க ஜாகர்ஸ்பான்டைன் சுரங்கத்தின் பெயரால், ‘புளூ ஜாகர்’ என்று அந்நீலத்தையே தேடி விலை கொடுத்தனர்! சுரங்கம் 1971இல் மூடப்பட்டது. பெயர் இன்னும் கடைகளில் உலவுகின்றது.

இன்றோ ஆய்வுக்கூடத்தில் வளர்த்த வைரமும் வருகின்றது. அதனை மாடவிளக்கு காட்டிக்கொடாது. கருவி கொண்டே அறியலாம். ஆகவே, சம்பந்திகள் காகபாதம் பார்த்தபின் சான்றிதழையும் கேட்டு வாங்குவார்களாக.